ஒரு கழுத்தில் எத்தனை படம்

கல்முனைப் பக்கத்தில் நான் வளர்ந்த வீட்டில் பலதலைப் பாம்பு காதுவழியாகத்தான் வந்து குடியேறியது. வட்டைக் காவலுக்குப் போய்வந்த மூத்தவாப்பா சொன்ன ஐந்தலை நாகம் எங்கோ ஒரு புதையலைக் காத்துக் கிடந்தது. மழை இரவில் அதன் மூச்சுக் கேட்குமாம். முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால், "கண்டவன் திரும்பி வந்து சொன்னதில்ல மனே" என்பார்.

அந்த முகத்தை நான் கண்டது அம்பலாங்கொடையில். தென்மேற்குக் கரையில் உள்ள அந்த ஊர், சிங்களக் கோலம் ஆட்டத்துக்கும் முகமூடிக்கும் பேர்போனது. நாக ராக்ஷ முகமூடியில் பிதுங்கிய கண்களும் வெளியே தொங்கும் நாக்கும் இருக்கும். நெற்றிக்கு மேலே படமெடுத்த நாகங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு எழும்பும். தலைகள் இத்தனைதான் என்று கணக்கில்லை, முகமூடிக்கு முகமூடி மாறும். செதுக்குவது கதுறு மரத்தில். ஈரநிலத்தில் வளரும் மரம், காய்ந்தால் கையில் எடுக்கவே லேசாக இருக்கும். இத்தனை நாகங்களையும் ஒரு மனிதன் தலையில் சுமந்து ஆட வேண்டுமே!

கொழும்புக் கடைகளில் இதை வாங்கிச் சுவரில் மாட்டுகிறார்கள். சுவரில் தொங்குவது பாதி நாகந்தான். மற்றப் பாதி மேளத்தில் இருக்கிறது.

கோலம் ஆட்டம் பிறந்த கதையே ஒரு மசக்கையில் தொடங்குகிறது. மகாசம்மத மன்னனின் கர்ப்பிணி அரசிக்கு முகமூடி ஆட்டம் பார்க்கும் ஆசை வந்து, வேறு எதிலும் மனம் பற்றாமல் வாடினாளாம். அவளுக்காக விண்ணுலகச் சிற்பி விஸ்வகர்மா முகமூடிகள் செய்தான் என்பது ஐதீகம். ஆட்டத்தில் ஒவ்வொரு பாத்திரமும் களத்துக்கு வருமுன்னே அதைப் பற்றிப் பாடிவிடுவார்கள். 'யக் பெர' என்னும் நீண்ட மேளத்தைக் கோலில்லாமல் இரு கைகளாலும் அடிப்பார்கள். நாகத்தை முதலில் காது காண்கிறது, கண் பிறகுதான் வந்து சேருகிறது.

நாகம் ஆடுகையில் கவனித்தேன். மரத்தில் செதுக்கிய தலைகள் தனித்தனியே அசைய முடியாது. ஆனால் மேளம் விரைந்து, ஆடுபவர் கழுத்தை வெட்டித் திருப்பும்போது ஒவ்வொரு படமும் ஒவ்வொரு பக்கம் சீறுவதாகத் தோன்றுகிறது. அசையாத தலைகளை அசைப்பது அந்த அடிதான்.

இதே சிக்கலை ஜப்பானியர் வேறு விதமாக அவிழ்த்திருக்கிறார்கள். 712ஆம் ஆண்டின் 'கொஜிகி' நூலில் யமத்தா நொ ஒரொச்சி என்ற எட்டுத்தலை நாகம் வருகிறது. சுசானோ என்ற தேவன் எட்டுத் தொட்டிகளில் மது வைத்து அதை மயக்கி வெட்டுகிறான். வாலுக்குள் இருந்து ஒரு வாள் கிடைக்கிறது. மேற்குச் சிமானேயின் இவாமி ககுரா ஆட்டத்தில் ஒவ்வொரு தலைக்கும் ஓர் ஆள், ஓர் உடல். மூங்கில் வளையமும் கைக்காகிதமும் கொண்டு மடங்கி விரியும் அந்த உடலின் நீளம் சுமார் 17 மீற்றர். மெய்ஜி காலத்தில் ஹமாடாவின் கலைஞர் ஒருவர் காகித விளக்குக் கூட்டைப் பார்த்து இதை உருவாக்கினார். நம் கோலத்தில் ஒரு கழுத்துப் பல தலைகளைத் தாங்குகிறது. அங்கே பல உடல்கள் பின்னிப் பிணைந்து ஒரே பாம்பாகின்றன.

அங்கும் வித்தை தாளத்தில்தான். பெருமேளம், சிறுமேளம், கைத்தாளம், குழல், இவ்வளவே. பழைய ஆறு தாளம் நிதானமானது, பின்னாளில் வந்த எட்டுத் தாளம் வேகமானது. ஊர்கூடிப் பார்ப்பவர்களுக்கு எட்டுத் தாளத்தில் மயக்கம் அதிகம். என் மனம் ஆறின் பக்கம். நாகம் குடித்து, தள்ளாடி, தலை தாழ்த்தும் நேரத்துக்கு அந்த நிதானம் வேண்டும். அவசரப்பட்டால் மது ஏறுவது தெரியாது.

எங்கள் பக்கம் திரும்பினால், நபிகளின் வரலாற்றைப் பாடும் உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில், விலாதத்துக் காண்டத்தில், 'பாந்தள் வதைத்த படலம்' உண்டு. வதைபடும் பாம்போடு விடாமல், பேசும் பாம்புக்கும் 'பாந்தள் வசனித்த படலம்' என்று தனியிடம் கொடுத்தார் புலவர். எங்கள் தமிழில் பாம்பு இப்படி ஓசையில்தான் உருவெடுத்தது, அதற்கு முகமூடி தேவைப்படவில்லை.

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்தில் பக்கீர்மார் றபான் அடிக்கும் இரவுகள் என் நினைவில் இருக்கின்றன. ஒருவர் எடுக்க மற்றவர் தொடர்வார்கள், அத்தனை கைகளும் ஒரே தோலில் விழுவதுபோல் விழும். சிறுவனாய் வாப்பாவின் மடியில் கண்ணை மூடிக்கொண்டு, அந்த அடிகளைத் தனித்தனியே பிரித்து எண்ணப் பார்ப்பேன். எண்ண முடிந்ததில்லை. அம்பலாங்கொடையில் யக் பெர விரைந்தபோதும் கண்ணை மூடினேன். மூத்தவாப்பாவின் ஐந்தலை நாகம் மூச்சு விட்டது.