அச்சமும் மருட்கையும்

ஜொகூர்த் தோட்டப்புறங்களில் ஆளினும் பெரிய முனீஸ்வரர் சிலைமுன் நிற்போர் தம்மையறியாது குரலைத் தாழ்த்துவர். அச்சிலையின் தோலில் மயிர்க்கால் இராது. உருட்டிய விழியில்தான் உயிர். அச்சத்தின் நிலைக்களன்களுள் அணங்கை வைத்தார் தொல்காப்பியர்.

ஆஸ்திரேலியச் சிற்பி ரான் மியூக் 1999-இல் வடித்த ‘சிறுவன்’ குந்திய நிலையிலேயே ஏறக்குறைய 5 மீட்டர் உயரம். மயிரும் தோல்மடிப்பும் மெய்யுடலே எனத் தோன்றும். ஆயினும் காண்போர் அஞ்சுவதில்லை. நெருங்கிச் சென்று நுணுகி நோக்குவர். இறந்த தந்தையின் உருவையோ அவர் ஆளளவிற் குறைத்தே செய்தார். அங்கும் அதே வியப்புத்தான். சிறுமை, பெருமை இரண்டும் மருட்கைக்கே உரியன என்பது மெய்ப்பாட்டியல் கண்ட உண்மையன்றோ!

முனிக்கும் நரம்பும் தோல்நிறமும் தீட்ட விழைவார் உளராயின், கும்பிட வந்தவர் சிற்பி யாரென வினவித் திரும்புவர்.