வைப்பின் ஜங்கார்

திருப்புறத்தில் வளர்ந்த எனக்குக் கழிமுகம் புதிதல்ல. பக்கத்துப் பூவாறில்தான் நெய்யாறு கடலில் சேர்கிறது. ஆனாலும் ஃபோர்ட் கொச்சி படித்துறையில் நின்றால் நேரம் போவதே தெரியாது. எதிர்க்கரை வைப்பின் கூப்பிடு தூரம்தான். இடையில் இருப்பதோ கொச்சித் துறைமுகத்துக்குள் கப்பல்கள் நுழையும் நீர்வழி. அதைக் குறுக்கே வெட்டிப் போகிறது, வண்டிகளையும் ஆட்களையும் ஏற்றிச் செல்லும் ஜங்கார் படகு.

இப்போது ஓடுபவை சேதுசாகர் 1, சேதுசாகர் 2. கொச்சி மாநகராட்சிக்காகக் கொச்சிக் கப்பல் கட்டும் தளம் கட்டியவை. 2018 ஏப்ரலில் ஓடத் தொடங்கின. முன்னும் பின்னும் சாய்தளம் உண்டு. ஒரு முனையில் ஏறிய லாரி மறுமுனையில் நேராக இறங்கிப் போகும். பின்னோக்கி எடுக்கும் பாடே இல்லை. இந்த எளிமைதான் எனக்குப் பேரழகு.

ஓட்டுநரின் கைத்திறனைப் பார்க்க வேண்டும். ஓதம் இறங்கும்போது காயலிலிருந்து ஆகாயத்தாமரை கூட்டம் கூட்டமாகக் கடலை நோக்கி ஓடும். அந்த இழுப்புக்கு எதிராகச் சற்றே சாய்த்துப் பிடித்து, கடைசியில் சாய்தளத்தைக் கரையில் பதமாக உட்கார வைப்பார். அது கான்கிரீட்டில் உரசும் முன்பே பைக்குகள் உறுமத் தொடங்கிவிடும். மீன்கூடைக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள், வெளிநாட்டுப் பயணிகள் எல்லாரும் ஒரே தளத்தில்.

2015 ஆகஸ்டில் இதே துறையில் பயணிகள் படகும் மீன்பிடிப் படகும் மோதி 11 பேர் மாண்டார்கள். அதன் பிறகும், வைப்பினை எறணாகுளத்தோடு இணைக்கும் கோஸ்ரீ பாலங்கள் 2004இலேயே வந்திருந்தும், மக்கள் இந்தத் துறையை விடவில்லை. பாலத்தில் போனால் எறணாகுளம் நெரிசலுக்குள் சுற்ற வேண்டும். இங்கே சில நிமிடம், உப்புக்காற்று வேறு.