மீனம்பாக்கத்தோடு நின்றுவிடும் கார்பன் கணக்கு

2023-ல் வெளிவந்த சென்னை காலநிலைச் செயல்திட்டத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். 2050-க்குள் கார்பன் சமநிலை என்கிறது. இந்தியாவின் இலக்கு 2070. இருபது வருஷம் முந்திக்கொள்கிற துணிச்சல் எனக்குப் பிடிச்சிருக்கு. என் சண்டை எல்லையோடு.

கணக்கு பெருநகர சென்னை மாநகராட்சியின் 426 சதுர கிலோமீட்டருக்கானது. ஜிஎஸ்டி சாலையில் மீனம்பாக்கம் உள்ளே. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் வெளியே. அவை 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சி. தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு பைக்கில் போகிறவரின் புகை பாதி வழியில்தான் சென்னைப் புகையாகிறது! (1931-லேயே கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடியது. தண்டவாளம் போட்டவர்களுக்கு இது ஒரே ஊர்தான்.)

நகரங்கள் பரவலாகப் பின்பற்றும் உலகக் கணக்கு முறையே, அதன் அடிப்படை நிலையில், எல்லைக்கு வெளியே ஓடும் தூரத்தைச் சேர்க்கச் சொல்வதில்லை. ஆக ஆலோசகர்களைக் குறை சொல்லவும் முடியலை.

கிளாம்பாக்கத்தைப் பாருங்க. 2023 டிசம்பர் கடைசியில் முனையம் திறந்தபின், தென்மாவட்ட பஸ்கள் கோயம்பேட்டிலிருந்து அங்கே போய்விட்டன. அவை நகருக்குள் ஓடிய தூரம் சென்னைக் கணக்கில் குறையும். ஆனால் பெரம்பூர்க்காரர் மூட்டை முடிச்சோடு கிளாம்பாக்கத்துக்கு ஆட்டோ பிடித்தால், பல்லாவரத்துக்கு அப்புறம் வருகிற புகை எந்த ஏட்டிலும் ஏறாமல் போகலாம். பெருங்களத்தூர் நெரிசலில் நிற்கிறவர்தான் அதை மூச்சில் இழுக்கணும்.

சிஎம்டிஏ 1,189 சதுர கிலோமீட்டரை ஒரே பெருநகரமாக வைத்துப் பல வருஷமா திட்டம் போடுகிறது. உமிழ்வுக் கணக்கையும் அதே எல்லையில் போடச் சொல்லியிருக்கலாம். கிளாம்பாக்கம் முனையத்தைக் கட்டியதே சிஎம்டிஏதானே.