ஆங்கிலக் கோப்பில் தெரியாத பிழை

டிசிபி சாக்கெட் வழியே கோப்பு அனுப்புவது அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டத்தில் ஒரு நெட்வொர்க்ஸ் லேப் பயிற்சி. 2021 பாடத்திட்டத்தில் இணையப் பக்கம் ஒன்றைச் சாக்கெட் மூலம் இறக்கும் பயிற்சி இருக்கிறது. சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்துப் பொறியியல் மாணவர் பலருக்குச் சாக்கெட்டின் முதல் அறிமுகமே இப்படியான பயிற்சிதான். செய்துபார்க்கும் முறையும் வழக்கமாக ஒன்றே: சர்வரும் கிளையண்டும் ஒரே கணினியில், முகவரி 127.0.0.1, அனுப்புவது நாலு வரி ஆங்கில டெக்ஸ்ட் ஃபைல். அவுட்புட் வந்ததும் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து.

இந்த முறையைக் குறை மட்டும் சொல்லி ஒதுக்க முடியாது. ஒரு லேப்டாப் இருந்தால் வீட்டிலேயே பழகலாம். ஃபயர்வால் தொல்லையில்லை. பைண்ட், லிசன், அக்செப்ட் என்ற வரிசை மனதில் நிற்கும்.

ஆனால் கோப்பு சிதைவதற்கான காரணங்களை இந்த முறை அப்படியே மறைத்துவிடுகிறது. டிசிபி தருவது பைட்டுகளின் ஓட்டம் மட்டுமே. ஒரு முறை அனுப்பியது ஒரே முறையில் வந்து சேரும் என்ற உறுதி அதில் இல்லை. லினக்ஸில் கணினிக்குள்ளேயே சுற்றும் லூப்பேக் பாதை ஒரு பாக்கெட்டில் 65,536 பைட் வரை ஏற்கும். ஈதர்நெட்டில் அது 1,500. சிறு கோப்பு ஒரே வாசிப்பில் வந்துவிடுவதால், துண்டு துண்டாக வரும்போது நிரல் என்ன செய்யும் என்பது சோதிக்கப்படுவதே இல்லை.

சிதைந்த கோப்பின் அளவே பாதித் துப்பைத் தரும். 1024 பைட் பஃபரில் வாசிக்கும்போது கோப்பு மூலத்தைவிடப் பெரிதாகி 1024-இன் மடங்கில் முடிந்தால், கடைசியில் வந்த பைட்டுகளை மட்டும் எழுதாமல் பஃபர் முழுவதையும் எழுதியிருக்கிறோம். சிறிதானால், வாசிப்பை முன்கூட்டியே நிறுத்தியிருக்கிறோம். ஜாவாவில் அவைலபிள் என்ற மெத்தட் பூஜ்யம் தந்தால் கோப்பு முடிந்தது என்று எண்ணுவது அடிக்கடி நடக்கும் தவறு. இறக்கிய படம் எச்டிடிபி தலைப்பு வரிகளோடு தொடங்கினால், வெற்று வரி வரை உள்ளதை நீக்க மறந்திருக்கிறோம்.

இங்கே நெட்வொர்க்கின் மேல் பழிபோடுவது எளிது. ஸ்டோனும் பார்ட்ரிட்ஜும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு, டிசிபி செக்சம்மைத் தாண்டிப் பிழை நழுவுவது 1.6 கோடி முதல் 1,000 கோடி பாக்கெட்டுகளுக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும் என்று மதிப்பிட்டது. லேப் கோப்பு கெட்டால் நிரலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பஃபரைப் பெரிதாக்குவதும் ஸ்லீப் போடுவதும் பிழையைத் தள்ளிப்போடும், தீர்க்காது.

இரண்டாவது கணினி கிடைக்காத லேபிலும் சோதனையைக் கடுமையாக்க வழி உண்டு. யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்து, துணைக்குறி, புள்ளி ஒவ்வொன்றும் 3 பைட். ‘நாமக்கல்’ என்பது 24 பைட். அந்தச் சொல்லை இடைவெளியின்றித் தொடர்ந்து எழுதிய கோப்பை 1024 பைட் பஃபரில் வாசித்தால், 43-ஆவது ‘நாமக்கல்’லின் இரண்டாவது ‘க’ முதல் பைட்டோடு அறுந்துபோகும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே ஸ்டிரிங்காக மாற்றும் நிரல் அங்கேயே கேள்விக்குறி காட்டிவிடும். ஆங்கிலக் கோப்பில் எழுத்துக்கு ஒரே பைட் என்பதால் இந்தப் பிழை வெளியே தெரியாது.

லேப் ஆசிரியர்களே, பயிற்சியை மாற்ற வேண்டாம். சோதனைக் கோப்பை மாற்றுங்கள். ஒரு தமிழ்க் கோப்பு, சில எம்பி அளவுள்ள ஒரு புகைப்படம், முடிந்தால் பக்கத்துக் கணினி. இரு முனையிலும் எஸ்எச்ஏ-256 மதிப்பு ஒன்றாக இருப்பதைப் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.