சுட்டிய விரல் தாழ்ந்ததேன்?

வங்கத்துத் திரை ஓவியம் ஒன்று. 1960ஆம் ஆண்டு வெளிவந்தது. பெயர் ‘மேகே டாக்கா தாரா’. மேகம் மறைத்த விண்மீன் என்பது பொருள். ஆக்கியவர் ரித்விக் கட்டக். டாக்காவிலே பிறந்தவர், 1947இல் நாடு துண்டாடப்பட்டபோது, பிறந்த மண் எல்லைக்கு அப்பால் போய்விடக் கண்டவர். அகதியின் அவதியை அவர் ஏட்டிலே படித்து எடுக்கவில்லை, பட்டறிந்து எடுத்தார்.

அப்படத்தைப் பார்த்தோர் அழுதனர்; இன்றும் அழுகின்றனர். நாமும் கண் கலங்கினோம், மறுக்கவில்லை. ஆனால், கண்ணீர் உலர்ந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. அதைக் கேட்கவே இக்கட்டுரை.

கதை எளியது. கல்கத்தாவின் ஓரத்திலே, கிழக்கு வங்கத்திலிருந்து வந்தோர் எழுப்பிய குடியிருப்பு. அங்கே ஒரு பள்ளி ஆசிரியரின் குடும்பம். அவர் மகள் நீத்தா, கல்லூரியில் படிப்பவள். தந்தை விபத்தில் அடிபடுகிறார்; அவள் படிப்பு நிற்கிறது, வேலைக்குப் போகிறாள். தம்பி ஆலையிலே காயமுறுகிறான். அச்சுமையும் அவள் தோளில். அண்ணன் சங்கர் இசை பயில்கிறான். அவன் செலவும் அவளைச் சார்ந்தது. அவளை மணப்பதாக இருந்தவன் தங்கையை மணக்கிறான். அதற்கும் தலை குனிகிறாள். சம்பளம் வீட்டுக்கு, மிஞ்சிய உடல் காசநோய்க்கு!

நோயை அவள் மறைக்கிறாள். தனி அறையிலே ஒதுங்கி, இருமலை அடக்கி, குருதி படிந்த துணியை ஒளிக்கிறாள். உண்மை வெளிப்பட்ட வேளையில், அந்த முதிய ஆசிரியர் விரலை நீட்டிக் குற்றம் சாட்ட முற்படுகிறார். யாரை என்ற கேள்வி எழுகிறது. யாரையுமில்லை என்கிறார், விரல் தாழ்கிறது.

ஆசிரியத் தொழில் செய்யும் நமக்கு அம்முதியவர் அயலாரல்லர். ஆனாலும் கேட்கிறோம்: சுட்டிய விரல் தாழ்ந்ததேன்? ஒரு பெண் கண்ணெதிரே கரைந்திருக்கிறாள். காரணம் எதுவுமில்லையா? பொறுப்பு எவருக்குமில்லையா?

இவ்விடத்தில்தான் படம் நம்மோடு முரண்படுகிறது. நீத்தா பிறந்தது ஜகத்தாத்திரி பூசை நாளில் என்கிறது. மலைக்குத் திரும்பும் உமையை வழியனுப்பும் நாட்டுப்பாடலை அவள் துயரத்தின் பின்னே ஒலிக்கச் செய்கிறது. இறுதியிலே அவள் போய்ச் சேருவதும் ஷில்லாங் மலைமேல் உள்ள காசநோய் மருத்துவமனைக்கே. பெண் தேவியாகிறாள், மலை தேவியின் இருப்பிடமாகிறது. பொருத்தம் அழகுதான். ஆனால், அழகிய அந்தப் போர்வைக்குள்ளே நோயின் காரணம் புதைந்து போகிறதே!

கட்டக் பக்தி பரப்ப வந்தவரல்லர், இடதுசாரி நாடக மேடையிலே வளர்ந்தவர், தேவி என்று போற்றிக்கொண்டே பெண்ணை உறிஞ்சும் சமுதாயத்தைக் குத்திக்காட்டவே புராணத்தைக் கையாண்டார் என்று சிலர் கூறுவர். அவர் நோக்கம் அதுவாகவே இருக்கட்டும். பார்ப்பவர் நெஞ்சிலே நிகழ்வது என்ன? தியாகி என்கின்றனர், தெய்வம் என்கின்றனர், மருந்து எங்கே என்று கேட்பதை மறக்கின்றனர். தெய்வத்துக்குப் பசி உண்டா? பாலும் பருப்பும் வேண்டுமா? ஓய்வு வேண்டுமா? பெண்ணைத் தெய்வமாக்குவதிலே எவ்வளவு சிக்கனம் பாருங்கள்!

காசநோய் விதியாலே வருவதன்று, கிருமியாலே வருவது. நெருக்கமான, காற்றோட்டமற்ற அறையிலே பரவுவது. மெலிந்த உடலிலே வேரூன்றுவது. வீடிழந்து, வேலையிழந்து, அரை வயிற்றோடு நெருங்கி வாழ்வோரை அது தேடிப் பிடிப்பதிலே வியப்பில்லை. அகதி முகாம் அதற்கு உழுது வைத்த வயல்.

மருந்தும் இல்லாமலில்லை. 1944இல் ஸ்ட்ரெப்டோமைசின் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1952இல் ஐசோனியசிட் வந்தது. படம் வெளிவருவதற்கு ஓராண்டு முன்னே, 1959இல், நமது சென்னையிலிருந்து உலகம் வியக்கும் செய்தி ஒன்று போயிற்று. 1956இல் இங்கே அமைந்த காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு மருத்துவமனையிலே படுக்கை, ஓய்வு, நல்லுணவு; மறு பிரிவுக்கு அவரவர் நெருக்கடி மிகுந்த வீடு, குறைந்த உணவு. இரு பிரிவுக்கும் மருந்து ஒன்றே. ஓராண்டிலே கண்ட பயனும் ஏறத்தாழ ஒன்றே! வீட்டிலிருந்தே குணமடையலாம், வீட்டாருக்கும் அதனாலே கூடுதல் கேடில்லை என்று மெய்ப்பித்தனர்.

மலையும் வேண்டாம், மலைமகளும் வேண்டாம், மருந்து தவறாது கிடைத்தாற் போதும் என்பதன்றோ இதன் பொருள்! வீட்டைவிட்டுப் போய்விடு என்று மழையிரவிலே மகளிடம் சொன்ன அத்தந்தைக்கு, இதை எடுத்துரைக்க ஒருவர் வந்திருந்தால்?

அப்படியானால் உணவு தேவையில்லையா என்று கேட்கலாம். தேவை, மிகத் தேவை. மருந்து, வந்த நோயைத் தீர்க்கும். உணவு, நோய் வராமற் காக்கும். ஜார்க்கண்டிலே நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வெளியாயிற்று. காசநோயாளியின் வீட்டாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் தந்தனர். அவ்வீடுகளிலே புதிதாக நோயுற்றோர் தொகை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. அரிசியும் பருப்பும் செய்த வேலை அது, அர்ச்சனை செய்ததன்று!

கட்டக்கின் பெருமையையும் சொல்லியாக வேண்டும். தொடக்கத்திலே நீத்தாவின் செருப்பு வார் அறுகிறது. முடிவிலே அதே தெருவில் வேறொரு பெண்ணின் செருப்பு வார் அறுகிறது. அவள் சிரித்துவிட்டு நடக்கிறாள். சங்கர் பார்த்து நிற்கிறான். ஒருத்தி போனாள், இன்னொருத்தி வருகிறாள். இது ஒருத்தியின் தலையெழுத்தன்று, ஓர் ஏற்பாட்டின் விளைவு என்று அந்த அறுந்த வார் உரைக்கிறது. புராணம் மறைத்ததைச் செருப்பு காட்டிக்கொடுத்தது!

இளந்தோழர்களே! அகதிகள் வாழும் இடத்துக்குச் சென்றால் கைகூப்பி இரக்கம் காட்டித் திரும்பாதீர்கள். ஓர் அறையிலே எத்தனை பேர் உறங்குகின்றனர்? சாளரம் உண்டா? இருமுவோரின் சளியைச் சோதித்தார்களா? மருந்து இடையறாது வருகிறதா? உழைத்துச் சோறு போடும் பெண், கடைசியிலே உண்கிறாளா, உண்ணாமலே உறங்குகிறாளா? கேளுங்கள், விடை கிடைக்கும்வரை கேளுங்கள்.

முதியவரின் விரல் தாழ்ந்துவிட்டது. நமது விரல் தாழ வேண்டியதில்லை.