ஃபோல்சம் சிறைச் சாப்பாட்டுக்கூடம்: ஒரு மேடைப் பதிவின் பலமும் பழுதும்

கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷ் 1968 ஜனவரி 13 அன்று கலிபோர்னியாவின் ஃபோல்சம் சிறைக்குள், கைதிகள் சாப்பிடும் கூடத்தில் இரண்டு தடவை பாடினார். காலை 9.40க்கு ஒரு நிகழ்ச்சி, பகல் 12.40க்கு இன்னொன்று. தயாரிப்பாளர் பாப் ஜான்ஸ்டனின் மேற்பார்வையில் கொலம்பியா நிறுவனம் இரண்டையும் ஒலிநாடாவில் பிடித்தது. மே மாதம் 'அட் ஃபோல்சம் பிரிசன்' என்ற பெயரில் இசைத்தட்டு வெளிவந்தது. அதிலுள்ள 16 பாடல்களில் 14 காலையில் பாடியவை. பகல் நிகழ்ச்சிக்குள் குழு களைத்துவிட்டதால் அதிலிருந்து இரண்டு மட்டுமே தேறின.

கன்ட்ரி இசை அடிப்படையில் கதைப்பாட்டு. கொலை, சிறை, ரயில், அம்மா, குடி, துரோகம் என்று அதன் விஷயங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவை எடுபடுவது சொல்கிறவரின் குரலால்தான். 1960களின் நாஷ்வில் ஸ்டூடியோக்கள் அந்தக் குரலைச் சுற்றி வயலின் கூட்டத்தையும் பின்பாட்டுக் குழுவையும் நிறுத்தி மெழுகிக்கொண்டிருந்தன. மேடையில் அந்த மெழுக்கு இல்லை. ஃபோல்சத்தில் கேஷுக்குப் பின்னால் நின்றவை முக்கியமாக மூன்று கருவிகள்: லூதர் பெர்கின்ஸின் கிட்டார், மார்ஷல் கிராண்டின் பேஸ், டபிள்யூ. எஸ். ஹாலண்டின் டிரம்ஸ். லூதர் வித்தைக்காரர் அல்ல. கீழ்க்கம்பிகளில் ஒவ்வொரு சுரமாகத் தட்டி, ரயில் ஓடுவதுபோல் தாளம் பிடிப்பார், அவ்வளவுதான். கேஷின் குரல் கரகரக்கிறது, சில இடங்களில் சுருதி நழுவுகிறது. ஸ்டூடியோவாக இருந்தால் மறுபடி பாடச் சொல்லியிருப்பார்கள்.

'ஃபோல்சம் பிரிசன் ப்ளூஸ்' அன்று எழுதிய பாட்டல்ல. மெம்ஃபிஸில் சன் ஸ்டூடியோவில் 1955இல் பதிவானது. அப்போது டிரம்ஸ்கூடக் கிடையாது. கேஷ் தன் கிட்டார்க் கம்பிகளுக்கிடையே காகிதத்தைச் செருகி டிரம்ஸின் சரசரப்பை வரவழைத்தார். அந்தப் பழைய பதிவில் ஒருவர் சிறையைக் கற்பனை செய்து பாடுகிறார். 1968 பதிவில் அதே சொற்களை நிஜக் கைதிகளின் முகத்துக்கு நேரே பாடுகிறார், வேகமும் கூடியிருக்கிறது. மேடைப் பதிவின் கவர்ச்சிக்கு மூலகாரணம் இதுதான். பாட்டு யாரைப் பற்றியதோ அவர்களே எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். பாடகர் தப்பிக்க இடமில்லை.

அவர்களுடைய சத்தமும் தட்டில் இருக்கிறது. 'லாங் பிளாக் வெய்ல்' தூக்கிலிடப்பட்டவன் கல்லறையிலிருந்து பேசும் சோகப்பாட்டு. கொலை நடந்த இரவில் தான் உயிர்நண்பனின் மனைவியோடு இருந்ததை அவன் சொல்லும் இடத்தில், கூட்டத்தில் யாரோ உற்சாகமாகிவிடுகிறார். கேஷுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. பாட்டின் நடுவிலேயே, யார் கைதட்டியது என்பதுபோல் கேட்டுவிட்டுத் தொடர்கிறார். சோகம் கலைந்துபோகிறது. ஆனால் அந்தச் சிரிப்பை எந்த ஸ்டூடியோவிலும் செய்து தர முடியாது. இன்னோரிடத்தில் ஒலிபெருக்கி குறுக்கிட்டு, கைதி ஒருவரை எண் சொல்லி அழைக்கிறது. வெட்டியெறிந்திருக்க வேண்டிய இடைஞ்சல்தான். விட்டுவைத்தது ஜான்ஸ்டனின் சாமர்த்தியம். சிறை என்றால் என்ன என்பதைப் பல பாடல்களைவிட அந்த அறிவிப்பு துல்லியமாகச் சொல்லிவிடுகிறது.

பழுதும் இதே இடத்தில்தான் தொடங்குகிறது. தட்டின் ஆரம்பத்தில் கேஷ் வெறுமனே தன் பெயரைச் சொல்ல, கூடம் வெடிக்கிறது. அது தானாக வந்த ஆரவாரமல்ல. அவர் பெயரைச் சொல்லும்வரை அமைதியாக இருக்கும்படி நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஹியூ செரி கைதிகளிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். இதையாவது மேடை நாகரிகம் என்று விட்டுவிடலாம். 'ஃபோல்சம் பிரிசன் ப்ளூஸ்' பாட்டில், ரீனோ நகரில் ஒருவனைச் சுட்டதாகப் பாடும் அடியை அப்படி விட முடியாது. அதைத் தொடர்ந்து ஒரு வெறிக்கூச்சல் எழுகிறது. இந்தத் தட்டின் புகழில் பாதி அந்தக் கூச்சலுக்கே சேரும். ஆனால் அந்த இடத்தில் யாரும் கத்தவில்லை, கூச்சல் பின்னால் ஸ்டூடியோவில் ஒட்டப்பட்டது என்பதை இந்தப் பதிவைப் பற்றித் தனி நூலே எழுதிய மைக்கேல் ஸ்ட்ரைஸ்கத் எடுத்துக்காட்டியிருக்கிறார். காவலர்கள் பார்த்துக்கொண்டிருக்கையில், சிறையைப் பழிக்கும் வரிகளுக்கு வாய்திறக்கக் கைதிகள் தயங்கினார்கள்.

ஆக, உண்மையில் அங்கே இருந்தது அச்சம் கலந்த மௌனம். அதற்குப் பதிலாகக் கேட்பவருக்குக் கிடைத்தது, கொலையைக் கொண்டாடும் கைதிகள் என்ற ஆயத்தச் சித்திரம். எடிட்டிங் மேசையின் இந்தச் சேர்க்கை வெறும் அலங்காரமல்ல. அங்கிருந்த மனிதர்களைப் பற்றிய பொய். மௌனத்தை அப்படியே விட்டிருந்தால் தட்டு இன்னும் கனத்திருக்கும், விற்பனை ஒருவேளை குறைந்திருக்கும்.

அந்த அடி வேறொரு விதத்திலும் அலைக்கழிந்தது. ஜூன் மாதம் ராபர்ட் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டதும் வானொலி நிலையங்கள் பாட்டை நிறுத்தின. கேஷ் எதிர்த்தும் கேளாமல், கொலம்பியா அந்த அடியை வெட்டிவிட்டு ஒற்றைப்பாடல் தட்டை மறுபடி அனுப்பியது. அது கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்குப் போனது.

ஒப்பிட இரண்டு பதிவுகள் போதும். அடுத்த ஆண்டு சான் குவென்டின் சிறையில், அந்தச் சிறையைத் திட்டியே எழுதிய புதுப்பாட்டைக் கேஷ் பாடினார். கைதிகள் மறுபடி கேட்டார்கள். உடனே இரண்டாம் முறை பாடினார். இரண்டும் அடுத்தடுத்துத் தட்டில் இருக்கின்றன. இங்கே ஆரவாரத்தைக் கடன்வாங்கத் தேவையே இருக்கவில்லை. அதே 1969இல் மெர்ல் ஹாகர்ட், மஸ்கோகி ஊரைப் புகழும் பாட்டை மஸ்கோகியிலேயே பாடிப் பதிவுசெய்தார். ஹாகர்ட் ஒருகாலத்தில் சான் குவென்டினில் கைதியாக இருந்து கேஷின் கச்சேரியைக் கேட்டவர்; கேஷைவிடப் பண்பட்ட பாடகர். இருந்தும் அந்தத் தட்டில் உரசல் இல்லை. ஊர்க்காரர்கள் தங்கள் பெருமைக்குத் தாங்களே கைதட்டிக்கொள்கிறார்கள்.

கேஷ் மீது இன்னும் இரண்டு குறைகள் நிற்கின்றன. 'ஃபோல்சம் பிரிசன் ப்ளூஸ்' பாட்டின் மெட்டிலும் சொற்களிலும் பெரும்பகுதி கார்டன் ஜென்கின்ஸின் 'கிரசென்ட் சிட்டி ப்ளூஸ்' தந்தது. அதற்காகப் பின்னர் இழப்பீடு கொடுக்க நேர்ந்தது. கேஷ் சிறைத்தண்டனை எதையும் அனுபவித்ததில்லை, சில இரவுகள் லாக்கப்பில் இருந்ததோடு சரி. இந்தத் தட்டோ பலருக்கு அவரை முன்னாள் கைதியாகவே ஆக்கிவிட்டது. அந்தத் தோற்றத்தை அவர் முழுதும் வீணாக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: 1972இல் செனட் துணைக்குழுவின் முன் சிறைச் சீர்திருத்தத்துக்காகச் சாட்சியம் சொன்னார்.

கேஷோடு செனட்டுக்கு வந்தவர் க்ளென் ஷெர்லி. ஃபோல்சத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கைதி. தான் எழுதிய 'கிரேஸ்டோன் சாப்பல்' பாட்டைக் கேஷ் பாடப்போவது அவருக்கு முன்பே தெரியாது. முந்தின இரவு கற்றுக்கொண்ட பாட்டு என்பதால் கேஷ் கொஞ்சம் தடுமாறுகிறார். தட்டு முழுவதிலும் நம்பத்தகுந்த பாட்டு அதுவே. ஷெர்லி 1971இல் விடுதலையாகி, கேஷின் குழுவில் சிலகாலம் பாடினார். வெளியுலகம் அவருக்கு ஒத்துவரவில்லை. 1978இல் தற்கொலை செய்துகொண்டார்.

2008இல் இரண்டு நிகழ்ச்சிகளும் சேர்ந்து வெளிவந்தன. புதிதாகக் கேட்க வருபவர் 1955 ஸ்டூடியோப் பாட்டை முதலில் கேட்டுவிட்டு 1968 தட்டுக்குப் போகலாம். அதன்பின், நேரம் இருந்தால், அந்தக் களைத்துப்போன பகல் நிகழ்ச்சிக்கு.