பக்கவாத்தியமா, பகைவாத்தியமா?

சில வாரங்களுக்கு முன் பாகான் டாலாமில், திருவிழாப் பந்தலொன்றில் இளம்பெண் ஒருவர் தமிழ்ப் பாட்டுக் கச்சேரி செய்தார். இனிய குரல், தெளிந்த உச்சரிப்பு. ஆயினும் பின்வரிசையில் நின்ற நமக்கு ஓர் அடியேனும் முழுமையாகக் காதில் விழவில்லை. மிருதங்கக்காரர் பாட்டுக்கு வாசிக்கவில்லை. தம் கைத்திறனுக்கு வாசித்தார். துறைமுக வேலை முடித்து வந்து நின்ற தோழர் ஒருவர், “அந்தப் பொண்ணு பாடுதா, இல்ல அவரோட மல்லுக்கு நிக்குதா?” என்றார். இசைப் புலவர் பத்துப் பக்கம் எழுதினாலும் இதற்குமேற் சொல்ல இயலாது.

பக்கவாத்தியத்தின் தொழில் யாது? பிடிலைப் பாருங்கள். மேனாட்டுக் கருவியாகிய அதனைப் பாலுசுவாமி தீட்சிதர், தஞ்சை வடிவேலு முதலியோர் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நம் இசைக்குப் பழக்கினர். பாடுவோர் இராகத்தை விரிக்கையில் பிடில் ஒரு மூச்சுப் பின்னே நிழல்போல் வருகிறது. அவர் விட்ட சுரத்தைக் கீழே விழாமல் ஏந்துகிறது. தன் முறை வரும்போதுதான் தன் கற்பனையைக் காட்டுகிறது.

ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியாகிய ஆண்டலூசியாவில் பிளமெங்கோ என்றொரு பாட்டு உண்டு. அங்கே கித்தார்தான் பக்கவாத்தியம். பாடுவோர் குரலுக்கேற்பக் கித்தாரின் கழுத்தில் ஒரு பிடியைப் பூட்டிச் சுருதியை உயர்த்திக்கொள்வர். பாட்டின் அடிகளுக்கிடையே விட்ட இடைவெளியில்தான் கித்தாரின் தனிப்பேச்சு. தாளக்கட்டில்லாத வகைகளிலோ, பாடுவோர் மூச்சு முடியும் வரை கித்தார் காத்திருக்கும். நீஞா தெ லோஸ் பெய்னெஸ் (1890–1969) என்னும் பாடகிக்கு ரமோன் மொந்தோயா, நீஞோ ரிக்கார்டோ போன்ற பெருங்கலைஞர்கள் வாசித்தனர். பெண்ணுக்குப் பின்னே அமர்வது அவர்களுக்கு இழிவாகத் தோன்றவில்லை. கித்தாரைப் பெண்ணின் கையில் கொடுக்க அங்கும் தயங்கினார்கள் என்பது வேறு கதை.

நம்மவர் செய்ததென்ன? பெண்கள் 5 கட்டையை ஒட்டிப் பாடுவர். ஆண்கள் 1, 2 கட்டையில் பாடுவர். ஆகவே பெண்களுக்கு ‘ஹெச்சு’ மிருதங்கம் வேண்டும், ஆண்களுக்குத் ‘தக்கு’. கருவியை மாற்றினால் தீர்ந்துபோகும் வேறுபாடு இது. ஆனாலும் பெண்களுக்கு வாசிப்பதில்லை என்று வித்துவான்கள் பலர் இருந்தனர். ஈடற்ற மேதையாகிய பாலக்காடு மணி ஐயரே (1912–1981) நெடுங்காலம் அவ்வாறு இருந்து, பிற்காலத்தில்தான் டி. கே. பட்டம்மாளுக்கு வாசித்தார். எம். எஸ். சுப்புலட்சுமிக்குப் பல பத்தாண்டுகள் வாசித்த டி. கே. மூர்த்தியின் கை அதனால் குறைந்துபோயிற்றா?

இன்று மேடையில் அமர மறுப்பார் அரியர். ஆனால் அமர்ந்தும் பின்தொடர மறுப்பது அந்தப் பழைய இறுமாப்பின் மிச்சமோ என ஐயுறுகிறோம். தனி ஆவர்த்தனம் அவருடையது. அதை யாரும் கேட்டுப் பறிக்கவில்லையே!

அன்று இறுதியில் அப்பெண் ஒரு விருத்தம் பாடினார். விருத்தத்துக்குத் தாளம் இல்லை. மிருதங்கம் ஓய்ந்திருக்க, பிடில் மட்டும் மெல்லப் பின்சென்றது. ஒவ்வொரு சொல்லும் பந்தலின் கடைசி மூங்கில்வரை வந்தது. புறப்படத் திரும்பிய அந்தத் துறைமுகத் தோழர், தலைத்துண்டை அவிழ்த்துத் தரையில் விரித்து உட்கார்ந்துவிட்டார்.